தரையை நம்பிய பறவை: காட்டுக்கோழியை வைத்துத் தகவமைப்பைப் புரிந்துகொள்ளலாம்

கோழிக்கறி வாங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். நெஞ்சுக்கறி வெளுப்பாக இருக்கும்; தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும். ஒரே பறவைதானே, ஏன் இரண்டு நிறம்? புறாவின் நெஞ்சுக்கறியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். புறாவுக்கு நெஞ்சும் கருஞ்சிவப்புதான்.

விடை தசையில் இருக்கிறது. நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்யும் தசைக்கு ஆக்சிஜன் தொடர்ந்து வேண்டும். அதைப் பிடித்து வைக்க மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அந்தத் தசையில் நிறைந்திருக்கும். புறா மைல் கணக்கில் பறக்கிறது, அதனால் அதன் நெஞ்சு சிவப்பு. கோழி நாள் முழுக்க நடக்கிறது, கிளறுகிறது, ஓடுகிறது, அதனால் அதன் கால் சிவப்பு. கோழியின் நெஞ்சுத் தசை வேறு வகை. ஆக்சிஜனுக்குக் காத்திராமல், சேமித்து வைத்த சர்க்கரையை நொடிகளில் எரித்து வெடிப்பது போல வேகம் தரும். தந்துவிட்டுச் சீக்கிரமே சோர்ந்துபோகும்.

வீட்டுக் கோழி எங்கும் பறந்து தப்ப வேண்டியதில்லை. பிறகு இந்த வெடிமருந்து அதன் நெஞ்சில் எப்படி வந்தது? காட்டிலிருந்து வந்தது. அதன் மூதாதையும் உறவினர்களும் இன்றும் காட்டில்தான் வாழ்கின்றன. தென்னிந்தியக் காடுகளில் அந்த உறவினரின் பெயர் சாம்பல் காட்டுக்கோழி. பழந்தமிழில் கானங்கோழி.

தகவமைப்பு என்றால்

ஓர் உயிர் தான் வாழும் இடத்துக்கும் வாழும் முறைக்கும் பொருந்தும்படி உடலிலோ நடத்தையிலோ பெற்றிருக்கும் பண்பைத் தகவமைப்பு என்கிறோம். பலர் இடறுவது ஓரிடத்தில்தான். கோழி வேகமாக ஓட ஆசைப்பட்டதால் அதன் கால் வலுத்துவிடவில்லை. ஒரே காட்டில் பிறந்த குஞ்சுகளில் சில சற்று நன்றாக ஓடின, சில ஓடவில்லை. ஓடாதவை கீரிக்கோ வல்லூறுக்கோ இரையாயின. பிழைத்தவை முட்டையிட்டன. இது பல்லாயிரம் தலைமுறைகள் நடந்தால் கூட்டம் முழுவதுமே நல்ல ஓட்டக்காரர்களாகிவிடும். தனிப்பறவை மாறுவதில்லை, பரம்பரைதான் மாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. எந்தத் தகவமைப்பும் இலவசமாக வருவதில்லை. ஒரு பக்கம் வரவு இருந்தால் இன்னொரு பக்கம் செலவு இருக்கும். காட்டுக்கோழியின் உடலில் எந்தப் பகுதியைத் தொட்டாலும் இந்தக் கணக்கு தெரியும். பாடநூல்களில் தகவமைப்பு என்றதும் ஒட்டகத்தையும் கள்ளியையும் காட்டுகிறார்கள். செலவுக் கணக்கைப் பார்க்க அவற்றைவிடக் கோழி நல்ல உதாரணம்.

யார் இந்தக் கோழி

சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டுமே இயல்பாக வாழும் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க, கிழக்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில், வடமேற்கே ராஜஸ்தானின் அபு மலைவரை இதன் வாழிடம் பரவியிருக்கிறது. கிழக்கில் ஏறத்தாழ கோதாவரியைத் தாண்டினால் சிவப்புக் காட்டுக்கோழியின் ராஜ்யம். நம் பக்கத்தில் முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை எனக் காடு உள்ள இடமெல்லாம் இது உண்டு. அடிவாரப் புதர்க்காடு, மூங்கில் காடு, காப்பி, தேயிலைத் தோட்ட ஓரம், மலை உச்சிச் சோலை என எல்லாவற்றிலும் வாழும். இதன் அறிவியல் பெயர் Gallus sonneratii. அதன் பின்பாதி பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னராவின் பெயரிலிருந்து வந்தது. பெயரிட்டவர் டச்சு விலங்கியலாளர் டெமிங்க், ஆண்டு 1813.

சேவல் வால் நுனிவரை அளந்தால் 70 முதல் 80 செ.மீ. நீளம், எடை ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின். பெட்டை அதில் பாதி நீளம்தான்; வால் குட்டை என்பதால் அப்படி. எடையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை, 700 முதல் 800 கிராம் வரும்.

வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. டார்வினும் அப்படித்தான் சொன்னார். ஆனால் 2008இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கதையில் ஒரு திருப்பம் வைத்தது. பல வீட்டுக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று அது காட்டியது. தீனியில் வரும் கரோட்டின் நிறமிகளைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. இந்த மரபணு வடிவம் தோலில் அதை வேலை செய்ய விடுவதில்லை. நிறமி தோலிலேயே தங்கிவிடுகிறது, கால் மஞ்சளாகிறது. ஆக, மஞ்சள் கால் கோழி ஒன்று முற்றத்தில் மேய்ந்தால் அதன் உடம்பில் நம் காட்டின் ஒரு துணுக்கும் சேர்ந்து மேய்கிறது.

காலும் வயிறும்

முன்னே மூன்று விரல், பின்னே சற்று உயரத்தில் ஒரு விரல். நகம் தட்டையாக, மழுங்கலாக, மண்வெட்டி போல இருக்கும். கழுகின் நகம் போல வளைந்திருந்தால் சருகில் மாட்டிக்கொள்ளும். கோழி மேய்வதைக் கவனித்தால் ஒரு தாளம் தெரியும். ஒரு காலால் இரண்டு இழுப்பு, மறுகாலால் ஒன்றிரண்டு, ஓரடி பின்வாங்கல், தலையைச் சாய்த்து ஒரு பார்வை, பிறகு கொத்தல். பின்வாங்காவிட்டால் கிளறிய இடம் தன் காலடியிலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த ஓரடியில்தான் சூட்சுமம்.

கிடைப்பது எதுவானாலும் தின்னும்: புல் விதை, மூங்கில் அரிசி, உண்ணிச்செடிப் பழம், அத்திப்பழம், கரையான், புழு, வெட்டுக்கிளி. யானைச் சாணத்தைக் கிளறுவதில் இதற்குத் தனி ஆர்வம். செரிக்காத விதையும் சாணத்தில் வளரும் பூச்சியும் ஒரே இடத்தில் கிடைக்கிறதே. மூங்கிலோ குறிஞ்சியோ பூத்து விதைக்கும் பருவத்தில் அந்தச் சரிவுகளில் கோழிகள் வந்து குவியும்.

தின்றதெல்லாம் முதலில் கழுத்தடியிலுள்ள தீனிப்பைக்குப் போகும். அது ஒரு சேமிப்புப் பை, அவ்வளவுதான். திறந்தவெளியில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தால் உயிர் போய்விடும்; அள்ளிப் போட்டுக்கொண்டு புதருக்குள் ஒதுங்கிச் செரித்துக்கொள்ளலாம். சாயங்காலம் தீனிப்பையை நிரப்பிக்கொண்டால் இரவில் அது சிறிது சிறிதாக இறங்கும். பல் இல்லாத குறையை அரைவைப்பை தீர்க்கிறது. தடித்த தசைச்சுவர், உள்ளே விழுங்கி வைத்த சிறு கற்கள், இரண்டும் சேர்ந்து கெட்டி விதையையும் மாவாக்கிவிடும். கல் தேய்ந்து வெளியேறினால் புதிதாகப் பொறுக்க வேண்டும். காலையில் காட்டுச் சாலை ஓரத்தில் கோழிகள் கொத்திக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் இரண்டு குருட்டுக்குடல்கள், அதாவது ஒரு முனை மூடிய குழாய்கள். நுண்ணுயிர்கள் அங்கே நார்ப்பொருளைப் புளிக்கவைத்துக் கொஞ்சம் சத்தைப் பிரித்தெடுக்கின்றன. தரையில் இதற்குத் தடயம் கிடைக்கும். வெள்ளைத் தொப்பி வைத்த உலர்ந்த எச்சம் வழக்கமானது. இடையிடையே கிடக்கும் பழுப்புக் களிம்பு போன்றது குருட்டுக்குடலிலிருந்து வந்தது. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கண்டு பறவைக்குக் கழிச்சல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நோயில்லை.

உறை, ஓடு, பற

ஆபத்து வரும்போது காட்டுக்கோழி மூன்று படிகளில் யோசிக்கிறது எனலாம். முதலில் உறைந்து நிற்கும். அசைவுதான் எதிரியின் கண்ணை இழுக்கும். எதிரி நெருங்கினால் தலையையும் வாலையும் தாழ்த்திக்கொண்டு புதருக்குள் ஓடும். இதற்கு வலுவான கால் இருக்கிறது, செலவும் குறைவு. ஓடவும் வழியில்லை என்றால்தான் பறக்கும்.

அந்தப் பறத்தலுக்காகவே இறக்கை குட்டையாகவும் அகலமாகவும் வட்ட முனையோடும் அமைந்திருக்கிறது. நீண்ட இறக்கையோடு புதருக்குள்ளிருந்து எழும்பினால் கிளையில் அடிபடும். குட்டை இறக்கை படபடவென்று வேகமாக அடித்துக்கொள்ளும், பறவை கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும். எழும்பும் சத்தத்திலேயே எதிரி ஒரு கணம் திகைத்துவிடும். காட்டில் நடப்பவருக்கும் நெஞ்சு ஒருமுறை நின்று அடிக்கும்.

செலவு? முதலில் பார்த்த அந்த வெள்ளைத் தசை. சில நொடிப் படபடப்பு, பிறகு இறக்கையை விரித்து மிதந்து சரிவில் இறங்கல். உடனே மறுபடி கிளப்பினால் பறக்கும் தூரம் குறையும். மூன்று நான்கு முறை தொடர்ந்து விரட்டினால் பறக்கவே முடியாமல் புதரில் ஒடுங்கிவிடும். தசையில் சேர்ந்த கழிவு நீங்கித் தெளிய அதற்கு நேரம் வேண்டும். படம் எடுக்கப் பின்னாலேயே துரத்திக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பறவையின் கடைசிக் கைமுதலைச் செலவழிக்க வைக்கிறார்கள். அடுத்து வரும் காட்டுப்பூனைக்கு அதைப் பிடிப்பது எளிது.

பகல் கண்ணும் இரவுக் கிளையும்

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கோழியால் தலையைத் திருப்பாமலே சுற்றிலும் ஏறக்குறைய 300 பாகை பார்க்க முடியும். நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அதற்கு நான்கு, போதாததற்கு இரட்டைக் கூம்புகளும் உண்டு. ஊதா எல்லையில் நமக்கு மங்கிப்போகும் ஒளியும் அதற்குத் தெரியும். நடக்கும்போது தலையை வெட்டி வெட்டி அசைப்பது போலத் தோன்றும். உண்மையில் அது தலையை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து உடலை முன்னால் கொண்டுவருகிறது, பிறகு தலையை முன்னே தள்ளுகிறது. தலை நிற்கும் அந்த நொடியில் காட்சி அசையாமல் பதியும்.

இவ்வளவு நல்ல பகல் கண்ணுக்கு விலை இரவில் கட்ட வேண்டியிருக்கிறது. மங்கிய ஒளியில் கோழிக்குப் பார்வை மோசம். தரையில் தூங்கினால் மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் விருந்து. அதனால் பகலெல்லாம் தரையில் திரிந்த பறவை கருக்கலுக்கு முன்பே கிளையிலோ மூங்கில் புதரிலோ ஏறிவிடும். குந்தி உட்காரும்போது காலின் பின்புறத் தசைநார் இழுபட்டு விரல்கள் கிளையைச் சுற்றி மடங்குகின்றன, பிடிப்புக்குப் பெரிய முயற்சி வேண்டாம். தரைப்பறவை என்பது பாதிப் பெயர்தான். இரவில் இது மரப்பறவை.

பெட்டை மறைய, சேவல் மின்ன

பெட்டையின் முதுகு சருகு நிறம். வயிற்றுப் பக்கம் வெள்ளை இறகுகளுக்குக் கறுப்பு விளிம்பு, செதில் போலத் தோன்றும். நிழலும் வெயிலும் கலந்து விழும் காட்டுத்தரையில் அது அசையாமல் படுத்தால் இரண்டு மீட்டர் தூரத்தில்கூடத் தெரியாது. தரையில் அடைகாப்பது அதுதானே. மறைந்திருந்தால்தான் வம்சம் உண்டு.

சேவல் நேரெதிர். சாம்பல் நிற உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், அரிவாள் போல வளைந்த கரும்பச்சை மின்னும் வால், சிவந்த கால், குதியில் முள். கழுத்திறகுதான் பறவைகளில் மிக அரிதான வேலைப்பாடு. ஒவ்வோர் இறகும் கறுப்பாகத் தொடங்கும். நுனிக்கருகில் அதன் நடுத்தண்டு தட்டையாகி, தூவி இல்லாமல், கெட்டியான சிறு தகடாக மாறிவிடும். தந்த வெள்ளையும் மஞ்சளுமாக, மெழுகு சொட்டி உறைந்தது போலப் பளபளக்கும். விரலால் தடவினால் இறகு போல இருக்காது, நகம் போல இருக்கும். நூற்றுக்கணக்கான பொட்டுகள் கழுத்தில் அடுக்காக விழும். சண்டையில் கழுத்தைச் சிலிர்க்கும்போது அத்தனையும் ஒருசேர எழும்பி மின்னும்.

இத்தனை பகட்டு எதற்கு? பெட்டை துணையைத் தேர்ந்தெடுக்கிறது. நோயோ ஒட்டுண்ணியோ இருந்தால் கொண்டை சுருங்கி வெளுக்கும், இறகு மங்கும். சிவப்புக் காட்டுக்கோழிகளில் நடந்த ஆய்வுகளில் பெட்டைகள் சேவலின் கொண்டையைக் கவனித்துத் தேர்ந்தெடுப்பது தெரிந்தது. மின்னிக்கொண்டே உயிரோடிருக்கும் சேவல், 'இவ்வளவு பளிச்சென்று இருந்தும் பிடிபடவில்லை' என்று தன் தகுதியை விளம்பரம் செய்கிறது. பகட்டின் செலவு எதிரியின் கண்ணில் படுவது. இந்தப் பறவைக்கு இன்னொரு செலவும் வந்து சேர்ந்தது. சால்மன், டிரவுட் மீன்களைப் பிடிக்கத் தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சிக்கு இந்த மெழுகுப் பொட்டு இறகு மிகவும் பிடித்தமானதாகப் போய், கழுத்துத் தோல் தோலாகக் கப்பலேறியது. பின்னாளில் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கோழியைக் கொல்வதும் முட்டையெடுப்பதும் குற்றம்.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் இந்த அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிடும். பொட்டுக் கழுத்திறகும் நீள வாலிறகும் உதிர்ந்து, கழுத்தில் குட்டையான கருமையான இறகுகள் முளைக்கும். தேவையில்லாத மாதங்களில் பகட்டைச் சுமப்பானேன்? மழைக்காலத்தில் இப்படி ஒரு சேவலைப் பார்த்து, நோய்கண்ட பறவை என்றோ கலப்பினம் என்றோ எழுதி வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. காலையும் முள்ளையும் பாருங்கள். சிவந்த காலும் குதிமுள்ளும் இருந்தால் அது உடை மாற்றும் சேவல்.

முட்டையிலேயே தயாராகும் குஞ்சு

காக்கைக் குஞ்சு கண் திறக்காமல், இறகில்லாமல் பிறக்கிறது. மரத்தின் மேலே கூடு இருப்பதால் அது அப்படிப் பிறந்தாலும் ஒருவாறு தப்பிக்கலாம். தரையில் சருகைச் சற்றே பறித்து அமைத்த குழியில் அப்படிப் பிறந்தால் உடும்புக்கும் பாம்புக்கும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். காட்டுக்கோழி செலவை முட்டையிலேயே முன்கூட்டிச் செய்துவிடுகிறது. மஞ்சள்கரு அதிகம், அடைக்காலம் சுமார் 21 நாள். காக்கையைவிட மூன்று நாளாவது கூடுதல். விளைவு, குஞ்சு கண் திறந்து, தூவி போர்த்து, நடக்கத் தயாராக வெளியே வரும்.

பிப்ரவரி முதல் மே வரை முக்கியமான பருவம். வெளிர் முட்டைகள் நான்கிலிருந்து ஏழு வரை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து முட்டைகளை இட்டு முடிக்க ஐந்தாறு நாள் ஆகும். முதல் முட்டையிலிருந்தே அடைகாத்தால் முதல் குஞ்சு பொரிந்து நான்கைந்து நாள் கழித்துத்தான் கடைசிக் குஞ்சு வரும். மூத்தது நடக்கத் துடிக்கும், இளையது ஓட்டுக்குள் இருக்கும், தாய் எதன் பக்கம் போவது? அதனால் எல்லா முட்டையும் இட்ட பிறகே பெட்டை முழுமூச்சாக அடையில் உட்காரும். அதுவரை கரு வளராமல் காத்திருக்கும். பொரிக்கும் சமயத்தில் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சுகள் எழுப்பும் மெல்லிய ஒலி ஒன்றையொன்று முடுக்கிவிடும். ஏறத்தாழ ஒரே வேளையில் எல்லாம் வெளிவரும்.

பொரிக்குமுன் மஞ்சள்கரு மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் முதல் இரண்டு நாள் தீனி கிடைக்காவிட்டாலும் குஞ்சு தாங்கும். பிறகு அதற்குத் தானியம் போதாது, புரதம் வேண்டும். கரையான் புற்றைத் தாய் கிளறிக் கொடுப்பது அதற்குத்தான். இறக்கையிறகு மற்ற இறகுகளை முந்திக்கொண்டு முளைக்கும். இரண்டு வாரம் ஆகும்போது தாழ்ந்த கிளைக்குத் தத்தி ஏற முடியும். அதுவரையான இரவுகள் தரையில், தாயின் இறக்கைக்கடியில். அதன் வாழ்நாளில் ஆபத்து மிகுந்த பதினான்கு நாட்கள் அவை.

தரைக்கூட்டுக்கு இன்னொரு எதிரி நெருப்பு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை இலையுதிர் காடுகளில் தீப்பிடிக்கும் காலமும் அடைக்காலமும் ஒன்றாக விழுகின்றன. தீயணைந்த கரிநிலத்தில் விதையும் பூச்சியும் வெளிப்பட்டுக் கிடப்பதால் மேயச் சேவல்கள் வரும், உண்மைதான். ஆனால் முட்டை நடந்து தப்ப முடியாதே.

கண்டுகொள்வது எப்படி

காதுதான் முதலில். ஊர்ச் சேவலின் கொக்கரக்கோவை எதிர்பார்க்கக் கூடாது. இது 'கு-காயக்-க்யுக்-க்யுக்' என்று உடைந்து உடைந்து வரும். கடைசி ஒலிகள் அருகிலிருந்தால் மட்டுமே கேட்கும். ஊர்ச் சேவல் போல இறக்கையைத் தட்டிவிட்டுக் கூவாது. எச்சரிக்கை ஒலியில் இரண்டு வகை. கோழி இனத்தில் இது நன்கு ஆராயப்பட்டது. வானத்தில் வல்லூறு என்றால் மெல்லிய நீண்ட ஓர் ஒலி, எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. தரையில் கீரி என்றால் 'கொக் கொக் கொக்' என்று ஊரைக் கூட்டும். 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்று எதிரிக்கே சொல்வது அது.

தடயம் தேடுவோருக்கு, சருகு விலக்கப்பட்ட ஈரமண் திட்டுகள், அருகே சாம்பலோ புழுதியோ நிறைந்த சாப்பாட்டுத் தட்டளவு பள்ளம். பள்ளம் மண்குளியலுக்கானது. இறகின் பழைய எண்ணெய்ப் பசையையும் பேனையும் புழுதி உறிஞ்சி எடுத்துவிடும்.

சுண்டங்கோழியோடு குழப்பிக்கொள்வது சகஜம். அதற்கும் சிவந்த கால், கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல். ஆனால் அது கௌதாரிச் சாயலில் சிறியது. கொண்டையும் இல்லை, அரிவாள் வாலும் இல்லை.

விடிந்த முதல் ஒரு மணி நேரமும் பொழுது சாயுமுன் ஒரு மணி நேரமும் காட்டுச் சாலையில் காண நல்ல வேளை. வண்டி முப்பது மீட்டருக்கு முன்பே நின்று எஞ்சினை அணைத்தால் பெரும்பாலும் மேய்ச்சல் தொடரும். கதவைத் திறந்து இறங்கினால் அந்த நொடியே முடிந்தது. பதிவு செய்த கூவலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம், அங்கே இல்லாத எதிரியைத் தேடிச் சேவல் மறைவை விட்டு வெளியே வரும். சாயங்காலம் இருந்து பார்க்க முடிந்தால் மூங்கில் புதரை ஒட்டிய பகுதியில் கவனம் வையுங்கள். முதலில் ஒரு பெட்டை கழுத்தை நீட்டி மேலே அளக்கும், இரண்டு முறை குந்தி எழும், பிறகு படபடவென்ற சத்தம். அடுத்தடுத்து மற்றவை. கிளையில் இடம் பிடிக்கச் சிறு தள்ளுமுள்ளு நடக்கும். வெளிச்சம் முற்றாகப் போகுமுன் எல்லாம் அடங்கிவிடும்.